நத்தைக்கும் மறதி வருமா? சிற்றுயிர்களின் முதுமையும் நினைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் நத்தை, குளத்து நத்தை, உருளைப்புழு, பழ ஈ, தேனீ. இவற்றின் நரம்புச் செல்களுக்கு வயதாகும்போது கற்றலும் நினைவும் என்ன ஆகின்றன என்று நான் பேச ஆரம்பித்தாலே முதலில் சிரிப்பு வரும், பிறகு சந்தேகம் வரும், அதற்குப் பிறகு "அப்படின்னா எங்க தாத்தாவுக்கு..." என்று ஒரு கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எளியதில் தொடங்கிச் சிக்கலானதில் போய் முடிகிறது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை, ஆகவே வரிசையாகப் படித்தால் வசதி.

நத்தைக்கெல்லாம் ஞாபகம்னு ஒண்ணு இருக்கா என்ன?

இருக்கிறது. உட்கார்ந்து பழைய நாட்களை அசைபோடும் என்று யாரும் சொல்லவில்லை. நடந்த ஒன்றால் நடத்தை மாறி, அந்த மாற்றம் கொஞ்ச காலம் நிலைத்தால் அதற்கு நினைவு என்று பெயர். ஆய்வகத்தில் அவ்வளவுதான் இலக்கணம்.

கலிபோர்னியக் கடலோரத்தில் வாழும் அப்ளிசியா என்ற பெரிய கடல் நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடல் முயல்' என்றும் சொல்வார்கள். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேறு ஒன்றும் செய்யாமல் பத்து முறை தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பு குறைந்துகொண்டே போகும். பழகிவிட்டது. வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் நேரெதிர்: அடுத்து லேசாகத் தொட்டாலும் பதறி இழுத்துக்கொள்ளும். ஒரே ஒரு அதிர்ச்சியின் பதற்றம் நிமிடக் கணக்கில் தணிந்துவிடும். இடைவெளி விட்டு நாலைந்து முறை கொடுத்தால் ஒரு நாள் தாண்டியும் நிற்கும். இதை வைத்து நினைவின் வேதியியலைத் தோண்டியெடுத்த எரிக் காண்டலுக்கு 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனுஷன் மூளையை விட்டுட்டு ஏன் புழுவையும் நத்தையையும் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அப்ளிசியாவில் சுமார் 20,000. அவற்றில் சில ஒரு மில்லிமீட்டர் வரை பருத்தவை, வெறுங்கண்ணுக்கே தெரியும். சி. எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவில் மொத்தமே 302. எந்தச் செல் எதோடு இணைகிறது என்ற முழு வரைபடமும் 1986-லேயே வெளியாகிவிட்டது. ஆயுளும் சிறியது: புழுவுக்கு இரண்டு மூன்று வாரம், பழ ஈக்கு இரண்டு மூன்று மாதம், அப்ளிசியாவுக்கு ஏறத்தாழ ஒரு வருடம். முதுமையை ஆராய எழுபது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய வசதி ஒன்று உண்டு. இந்த உயிர்களில் பல செல்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது, அதே செல் ஒவ்வொரு விலங்கிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இளம் நத்தையின் ஒரு செல்லையும் கிழ நத்தையின் அதே செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கலாம். எலியில்கூட இது முடியாது. அங்கே 'இந்த வகைச் செல்' என்றுதான் சொல்ல முடியும், 'இந்தச் செல்' என்று விரல் வைக்க முடியாது.

302 செல்லை வச்சுக்கிட்டு ஒரு புழு என்னத்தைக் கத்துக்கும்?

வாசனையைக் கற்றுக்கொள்ளும். பியூட்டனோன் என்ற வேதிப்பொருளின் வாசனை மீது சாதாரணமாகப் புழுவுக்குப் பெரிய ஈர்ப்பு கிடையாது. ஒரு மணி நேரம் பட்டினி போட்டு, பிறகு அந்த வாசனையோடு உணவையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த முறை வாசனை வரும் பக்கமாகவே ஊர்ந்து போகும். ஒரு முறை பயிற்சி கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் மறந்துவிடும். இடைவெளி விட்டு ஏழு முறை கொடுத்தால் 16 மணி நேரம் கழித்தும் நினைவிருக்கும். இரண்டு மூன்று வார ஆயுளில் 16 மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவு ஒரே மூச்சில் படித்தது நிற்காது, விட்டு விட்டுப் படித்தது நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். புழுவிலும், ஈயிலும், அப்ளிசியாவிலும் அதே விதி. முதன்முதலில் இதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

வயசானா நரம்புச் செல் செத்துப்போகுது, அதனால மறதி. இவ்வளவுதானே விஷயம்?

இல்லை. நான் அதிகம் மறுத்துச் சொல்ல வேண்டியிருப்பது இந்த ஒன்றைத்தான். கிழட்டுப் புழுவின் நரம்புச் செல்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பெருமளவில் குறைவதில்லை. அதன் தசை தளர்ந்து சிதைந்துகொண்டிருக்கும் வயதிலும் நரம்புச் செல்கள் இடத்திலேயே இருக்கின்றன. கிழ நத்தையிலும் நினைவோடு தொடர்புள்ள செல்களைத் தேடிப் போனால் அவை அங்கேதான் இருக்கின்றன. மின்முனையைச் செருகிச் சமிக்ஞை பதிவு செய்ய முடிகிறது.

ஆக, விளக்கு உடைந்துபோகவில்லை, மங்கிவிட்டது. 'செத்துப்போன செல்லை என்ன செய்ய முடியும்' என்று கையை விரிக்கலாம். மங்கிய செல் என்றால் அப்படி விரிக்க முடியாது, ஏன் மங்கியது என்று கேட்டாக வேண்டும்.

செல் சாகலைன்னா அதுல என்னதான் கெட்டுப்போகுது?

முதலில், தூண்டப்படும் தன்மை குறைகிறது. நரம்புச் செல் பேசுவது மின் துடிப்புகளால். ஒரு துடிப்பு முடிந்ததும் செல் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும், அந்த நேரத்தில் அடுத்த துடிப்பை எழுப்புவது கடினம். குளத்து நத்தையில் உணவு உண்ணும் செயலை ஊக்குவிக்கும் ஒரு ஜோடிப் பெரிய செல்கள் உண்டு, செரட்டோனின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரப்பவை. கிழ நத்தைகளில் இவற்றின் துடிப்புக்குப் பிந்தைய அடக்கம் ஆழமாகிறது, துடிக்கும் வேகம் குறைகிறது. நத்தை சாப்பிடுவதே மந்தமாகிறது. அப்ளிசியாவில் தொடுதலை உணரும் செல்களும் வயதானால் எளிதில் கிளர்ந்தெழுவதில்லை.

அடுத்து, செல்லின் சவ்வு. அது கொழுப்பால் ஆனது. எண்ணெய் நாளாக நாளாகக் காறிப்போவது போல, சவ்வின் கொழுப்பும் ஆக்சிஜனால் தாக்கப்பட்டுக் கெடுகிறது. கெட்ட கொழுப்பை வெட்டி எடுக்க ஃபாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி வருகிறது. அது செய்வது பராமரிப்பு வேலைதான். ஆனால் வெட்டும்போது உதிரும் கொழுப்பு அமிலங்கள் செல்லின் கிளர்ச்சியையே அமுக்கிவிடுகின்றன. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் குளத்து நத்தையை வைத்து இந்தச் சங்கிலியை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நொதி பின்னால் இன்னொரு பதிலில் மறுபடி வரும்.

உருவமும் மாறுகிறது. முதிய புழுவின் நரம்பு இழைகளில் முத்துப் போன்ற வீக்கங்கள் தோன்றுகின்றன, தேவையில்லாத இடத்தில் கிளைகள் முளைக்கின்றன, சினாப்ஸ்கள், அதாவது செல்லும் செல்லும் சந்திக்கும் இடங்கள், நலிகின்றன. பழுதான புரதங்கள் உள்ளே தேங்குகின்றன. புழுவின் சில நரம்புச் செல்கள் இந்தக் குப்பையை ஒரு மூட்டையாகக் கட்டி வெளியே தள்ளிவிடுவதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். செல்லும் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கத்துக்கறது போகுதா, ஞாபகம் வச்சுக்கறது போகுதா?

பெரும்பாலும் ஞாபகம் முன்னால் போகிறது. அதிலும் நீண்டகால நினைவு. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட புழு ஆய்வில், வளர்ந்த பருவத்தின் ஐந்தாம் நாளுக்குள் நீண்டகால நினைவு போய்விட்டது. அந்த வயதில் புழு நன்றாக ஊர்கிறது, நன்றாக முகர்கிறது, புதிதாகக் கற்கவும் செய்கிறது. மறுநாள்வரை வைத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. கற்கும் திறன் அதற்குப் பிறகுதான் சரிகிறது. கிழக் குளத்து நத்தைகளும் பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன, ஆனால் அடுத்த நாள் கேட்டால் கையை விரிக்கின்றன.

பழ ஈயில் கதை சற்று வேறு. 20 நாள் வயதான ஈக்கு வாசனையும் மின்னதிர்ச்சியும் சேர்த்துப் பாடம் நடத்தினால், முடித்த கையோடு சோதிக்கும்போது இளம் ஈக்கு ஈடாகவே நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து வரும் இடைக்கால நினைவில்தான் ஓட்டை விழுந்திருக்கும். எல்லா உயிரிலும் ஒரே வரிசையில் போகிறது என்று சூத்திரம் போட்டுவிட வேண்டாம்.

நீண்டகால நினைவு மட்டும் ஏன் முதல்ல அடிபடுது?

செலவு அதிகம் என்பதால். குறுகிய கால நினைவுக்கு ஏற்கெனவே இருக்கும் புரதங்களைக் கொஞ்சம் திருகினால் போதும். அப்ளிசியாவில் செரட்டோனின் வந்து சேர, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூட, சினாப்ஸில் சுரப்பு அதிகமாகும். முடிந்தது. நாள் கணக்கில் நிற்க வேண்டும் என்றால் செய்தி மரபணுக்கள் இருக்கும் இடமான செல்லின் கரு வரை போயாக வேண்டும். அங்கே கிரெப் என்ற புரதம் மரபணுக்களை இயக்க, புதுப் புரதங்கள் தயாராகி, புதுச் சந்திப்புகள் முளைக்க வேண்டும். அப்ளிசியாவின் ஒரு உணர்செல்லுக்குச் சாதாரணமாகச் சுமார் 1,300 சினாப்ஸ் முனைகள். நீண்டகாலப் பதற்றத்தைக் கற்ற விலங்கில் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. வீட்டில் நாற்காலியை நகர்த்துவதற்கும் புது அறை கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

வயதான செல்லில் இந்தக் கட்டுமானம்தான் தடைபடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன புழு ஆய்விலேயே, கிரெப்பின் அளவும் நீண்டகால நினைவும் வயதோடு சேர்ந்தே இறங்குவதைப் பார்த்தார்கள்.

பழைய கதையெல்லாம் சொல்றாங்க, காலைல சாப்பிட்டது மறந்துடுது. எங்க வீட்டுப் பெரியவங்க மாதிரியே இருக்கே?

ஒற்றுமை கண்ணில் படத்தான் செய்யும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். குளத்து நத்தை தோலாலும் சுவாசிக்கும், நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து சுவாசத் துளையைத் திறந்தும் சுவாசிக்கும். திறக்கும்போதெல்லாம் ஒரு மரக்குச்சியால் துளையோரத்தில் லேசாகக் குத்தினால், திறப்பதைக் குறைத்துக்கொள்ளக் கற்கும். இந்தச் சுவாசத் தாளத்தை உண்டாக்குவது மூன்றே மூன்று செல்கள். அவற்றில் தாளத்தைத் தொடங்கிவைக்கும் செல்லின் உடலை மட்டும், அதாவது கரு இருக்கும் பகுதியை மட்டும் நீக்கி, இழைகளை அப்படியே விட்டார்கள். நத்தை வழக்கம்போலச் சுவாசித்தது. பாடமும் கற்றது. சில மணி நேரம் நினைவும் வைத்திருந்தது. நீண்டகால நினைவு மட்டும் உண்டாகவே இல்லை. பாடம் கற்று, நினைவு உறுதியான பிறகு அதே பகுதியை நீக்கினால் அந்த நினைவு அழியவில்லை.

எழுதுவதற்குக் கரு வேண்டும். எழுதி முடித்ததைப் படிக்கக் கரு தேவையில்லை. மூப்பு முதலில் தாக்குவது எழுதும் பக்கத்தைத்தான் என்றால், பழையது நின்று புதியது நழுவுவது புரிகிறது. ஆனாலும் உங்கள் வீட்டுப் பெரியவரின் மறதிக்கு நத்தையை வைத்துக் காரணம் சொல்லிவிடாதீர்கள். மனிதரில் தூக்கம், காது கேளாமை, மனச்சோர்வு, மருந்து, நோய் என்று பத்து விஷயங்கள் குறுக்கே வரும். அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கிழட்டுப் புழுவால ஊரவே முடியலைன்னா, மறந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. ஆய்வாளர்கள் தங்களையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான். வாசனையை நோக்கிப் போகாத புழுவுக்கு நினைவு போயிருக்கலாம், மூக்கு போயிருக்கலாம், உடம்பு ஒத்துழைக்காமல் இருக்கலாம், பசியே இல்லாமலும் இருக்கலாம். நான்கும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழிக்கிறார்கள். பயிற்சி இல்லாமலேயே புழுவை ஈர்க்கும் வேறு வாசனையை வைத்துப் பார்ப்பது, எவ்வளவு தூரம் ஊர்கிறது என்று அளப்பது, பயிற்சி முடிந்த உடனேயே ஒரு தடவை சோதிப்பது. உடனே சரியாகச் செய்து, 16 மணி நேரம் கழித்துச் செய்யவில்லை என்றால் மூக்கையும் காலையும் குறை சொல்ல முடியாது (புழுவுக்குக் கால் கிடையாது என்பது வேறு விஷயம்). நத்தையில் இன்னொரு உத்தி: இரண்டாவது நத்தை ஒன்றை, அது துளையைத் திறந்ததா மூடியதா என்று பார்க்காமல், முதல் நத்தை குத்து வாங்கும் அதே நேரங்களில் குத்துவார்கள். குத்து வாங்கிய அலுப்பினால்தான் நடத்தை மாறுகிறது என்றால் இரண்டும் ஒரே மாதிரி மாறியிருக்க வேண்டும். முதலாவது மட்டும் திறப்பதைக் குறைத்தால் அது கற்றல்.

அப்ளிசியாவில் இது இன்னும் சிக்கல். வயதானால் வாலை இழுக்கும் அனிச்சைச் செயலே மந்தமாகிவிடுகிறது. அனிச்சையே தளர்ந்த விலங்கில் 'பதற்றம் கூடவில்லை, ஆகவே கற்கவில்லை' என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத 'வயதானால் மறதி' ஆய்வு எதைப் படித்தாலும் நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

புழுவோட ஏழு நாள் நம்ம கணக்குல எத்தனை வயசு?

அப்படி ஒரு நேரான கணக்கு கிடையாது. போட்டாலும் ஏமாற்றும். புழு, ஈ, நத்தை எல்லாம் சூழலின் வெப்பத்தையே தங்கள் வெப்பமாகக் கொண்டவை. அதே புழு 15 டிகிரியில் அதிக நாள் வாழும், 25 டிகிரியில் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே 'ஏழு நாள் புழு' என்று யாராவது சொன்னால் எத்தனை டிகிரியில் என்று கேளுங்கள். உறுப்புகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை: மேலே பார்த்தபடி ஐந்தாம் நாளில் நினைவு கிழடு, உடம்பு இளசு.

ஆயுளைக் கூட்டினா ஞாபகமும் கூடவே நீளுமா?

இது எனக்கே பிடித்த குழப்பம். டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் வந்தால் புழுவின் ஆயுள் இரு மடங்காகும் என்று சின்தியா கென்யனின் குழு 1993-இல் காட்டியது. இது இன்சுலின் போன்ற சமிக்ஞைகளைப் பெறும் ஏற்பியின் மரபணு. உணவைக் குறைவாக விழுங்கும் ஈட்-2 வகைப் புழுவும் நீண்ட நாள் வாழும். இரண்டும் நீண்ட ஆயுள்காரர்கள்தான். நினைவுச் சோதனையில் இருவரும் எதிரெதிராக நடந்துகொண்டார்கள்.

டாஃப்-2 புழுவுக்கு இளமையில் நினைவு சாதாரணப் புழுவைவிட நெடுநேரம் நின்றது, கற்கும் திறனும் வயதான பிறகு அதிக நாள் தாங்கியது. ஆனால் நீண்டகால நினைவு வயதோடு சரிவதை அது தள்ளிப்போடவில்லை. ஈட்-2 புழுவுக்கு இளமையிலேயே நீண்டகால நினைவு மட்டம். அந்த மட்டமான நினைவு வயதான பிறகும் பெரிதாகக் குறையாமல் நின்றது. ஆயுள் என்பது ஒரு சாவி, நினைவு இன்னொரு பூட்டு. சில இடங்களில் பொருந்துகிறது, சில இடங்களில் இல்லை.

அதிகமா வேலை செஞ்சா மூளை சீக்கிரம் தேயுமா?

தேனீயைக் கேட்க வேண்டிய கேள்வி இது. வேலைக்காரத் தேனீ முதலில் கூட்டுக்குள் குஞ்சுகளை வளர்க்கும், பிறகு வெளியே தேன் தேடப் போகும். வாசனையோடு சர்க்கரைநீரைக் காட்டிப் பழக்கினால், பிறகு வாசனைக்கே நாக்கை நீட்டும். இந்தச் சோதனையில் 15 நாளுக்கு மேல் வெளியே போய் வந்த தேனீக்கள் மோசமாகக் கற்றன. பிறந்து எத்தனை நாள் ஆனது என்பதைவிட, எத்தனை நாள் வெளியே பறந்தது என்பதே அதிகம் சொன்னது. குளிர்காலத்தில் கூட்டுக்குள் அடைந்து கிடக்கும் தேனீ மாதக் கணக்கில் வாழ்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்து வந்ததுதான் திருப்பம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கூட்டிலிருந்த, குஞ்சுகளை வளர்க்கும் தேனீக்களை எடுத்துவிட்டார்கள். வெளியே போய்வந்த கிழத் தேனீக்களில் சில வேறு வழியின்றிக் குழந்தை வளர்ப்புக்குத் திரும்பின. பத்து நாள் கழித்துச் சோதித்தால், அப்படித் திரும்பியவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் கற்கும் திறன் மீண்டிருந்தது. மூளையின் சில புரதங்களும் மாறியிருந்தன. 2012-இல் வெளியான முடிவு இது. தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றால் இப்படி நடந்திருக்க வழியில்லை.

இதை வைத்து 'வேலையை விட்டால் மூளை பிழைக்கும்' என்று யாரும் புறப்பட வேண்டாம். புழுவை நீந்தவைத்து உடற்பயிற்சி கொடுத்தபோது அதன் கற்கும் திறன் கூடியது என்று 2019-இல் வேறொரு ஆய்வு வந்திருக்கிறது.

சினாப்ஸ் பெருசா, பலமா இருந்தா ஞாபகம் நல்லாயிருக்கும்னு படிச்சேன். சரிதானே?

இளமையில் பெரும்பாலும் சரி. முதுமையில் கவனமாக இருக்க வேண்டும். வயதான பழ ஈயின் சினாப்ஸ்களில் சுரப்பு நடக்கும் இடம் சுருங்குவதில்லை, பெரிதாகிறது! அங்குள்ள ப்ரூக்பைலட் என்ற புரதம் கூடிவிடுகிறது. இளம் ஈயிலேயே இந்த மரபணுவின் பிரதிகளை அதிகமாக்கினால் அதன் நினைவு கிழ ஈயினுடையது போல ஆகிறது. ஏற்கெனவே உச்சத்தில் கத்திக்கொண்டிருப்பவர் இன்னும் குரல் உயர்த்திக் காட்ட முடியாது அல்லவா? கற்றல் என்பது வித்தியாசம் காட்டுவது. அதற்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரம்: சைக்ளிக் ஏஎம்பி தூண்டும் பிகேஏ என்ற நொதி இல்லாமல் ஈ சரியாகக் கற்காது. ஆனால் அந்த நொதியின் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பழுதான ஈக்கு முதுமை மறதி தள்ளிப்போகிறது. இளமைக்கு உதவுவதே முதுமையில் பாரமாகிறது. ஆகவே 'நினைவுக்கு வேண்டிய பொருள், அதைக் கூட்டு' என்ற யோசனை எனக்குச் சந்தேகத்தையே தரும்.

போன ஞாபகசக்தியைத் திரும்பக் கொண்டுவர முடிஞ்சிருக்கா?

சில உயிர்களில், சில வகை நினைவுக்கு முடிந்திருக்கிறது. சவ்வுக் கொழுப்பை வெட்டும் நொதியைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அதைத் தடுக்கும் மருந்தைக் கிழக் குளத்து நத்தைகளுக்குக் கொடுத்தபோது நீண்டகால நினைவு மறுபடி உண்டானது. பழ ஈயின் தலையில் ஸ்பெர்மிடின் என்ற இயற்கைச் சேர்மம் வயதோடு குறைகிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2013-இல் அதை உணவில் கலந்து கொடுத்தார்கள், 30 நாள் ஈயின் நினைவு இளம் ஈயின் அளவை நெருங்கியது. செல் தன் குப்பையைத் தானே தின்று செரிக்கும் வேலை நடந்தால்தான் இது பலித்தது. அந்த வேலையை மரபணு வழியாக முடக்கினால் ஸ்பெர்மிடின் உதவவில்லை. புழுவில் வாசனை உணரும் ஒரே வகைச் செல்லில் ஒரு சமிக்ஞைப் பாதையை முடுக்கியே முதிய புழுவின் நினைவை மேம்படுத்தியிருக்கிறார்கள்.

செத்த செல்லாக இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

அப்போ ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

நினைவுக்காக என்றால், ஈயின் முடிவை நம்பி வாங்காதீர்கள். மனிதரிலும் சோதித்தார்கள். நினைவு குறைவதாகத் தாங்களே உணர்ந்த 100 முதியவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த பெர்லின் ஆய்வு 2022-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் நினைவில் முன்னேற்றம் தென்படவில்லை. கொடுத்த அளவு மிகக் குறைவு என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதம் வேறு, கையில் இருக்கும் முடிவு வேறு. நத்தைக்குக் கொடுத்த நொதித் தடுப்பானைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது ஆய்வகக் கருவி.

எல்லா உயிரும் கடைசியில மறந்துதான் ஆகணுமா?

கணவாய் அப்படி நினைக்கவில்லை. அது எளிய உயிர் இல்லைதான், ஆனால் நத்தையின் தூரத்துச் சொந்தம். ஆயுள் சுமார் இரண்டு வருடம். எதை, எங்கே, எப்போது தின்றோம் என்று மூன்றையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய சோதனையில், 22 முதல் 24 மாதக் கிழக் கணவாய்கள் 10 முதல் 12 மாத இளையவற்றுக்குச் சற்றும் சளைக்கவில்லை. 2021-இல் வெளியானது இது. கணவாயில் நினைவுக்கான மூளைப் பகுதி சாவதற்கு முந்தைய சில நாட்களில்தான் சிதைகிறது. இனப்பெருக்கமே கடைசிக் காலத்தில்தான் என்பதால், யாரோடு எங்கே கூடினோம் என்பதை நினைவில் வைக்க அதற்குக் கடைசிவரை மூளை தேவைப்படுகிறது போலும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஹைட்ரா இன்னொரு கோடியில் நிற்கிறது. அதில் மூப்பின் அடையாளமே தெரிவதில்லை, நரம்புச் செல்களும் தொடர்ந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அதற்கு மூளை கிடையாது, வெறும் நரம்பு வலைதான். நினைவு செல்களின் இணைப்பில் இருக்கிறது என்றால், செல்லை மாற்றிக்கொண்டே இருப்பவரிடம் நெடுநாள் நினைவை எதிர்பார்ப்பது கடினம்.

ஒரே மூளையில எல்லாச் செல்லும் ஒரே மாதிரி கிழடாகுமா?

ஆகாது. அப்ளிசியாவில் ஒரே வேதிப்பொருளைச் சுரக்கும், இரட்டையர் போன்ற இரண்டு ராட்சதச் செல்கள் உண்டு. வயதான விலங்கில் அந்த இரண்டிலும் இயங்கும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, மாற்றங்கள் ஒரே பட்டியலாக இல்லை. இரட்டையர்களே இப்படி என்றால் 'மூளைக்கு வயதாகிவிட்டது' என்று மொத்தமாகச் சொல்வதில் பொருள் குறைவு. இரண்டாவது கேள்வியில் சொன்ன 'அதே செல்' வசதி இல்லையென்றால் இது தெரிந்தே இருக்காது.

அல்சைமருக்கு இதுலேருந்து மருந்து வருமா?

வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே பேசியது நோயில்லாத முதுமை. அல்சைமரில் செல்கள் நிஜமாகவே சாகின்றன, நான்காம் கேள்விக்குச் சொன்ன பதில் அங்கே செல்லாது. மனிதரின் நோய்ப் புரதங்களை ஈயிலும் புழுவிலும் மரபணு வழியாகப் புகுத்தி ஆராய்கிறார்கள், அது தனித் துறை.

பொதுவான சரக்கு இல்லாமல் இல்லை. கிரெப், சைக்ளிக் ஏஎம்பி எல்லாம் நத்தையிலும் நம்மிலும் உண்டு. துடிப்புக்குப் பின் அடங்கிக் கிடக்கும் நேரம் வயதோடு ஆழமாவதைக் கிழ முயலின் மூளையிலும் கண்டிருக்கிறார்கள். நத்தைக்கும் முயலுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி வருடங்களுக்கு முற்பட்டது. அவ்வளவு தூரம் தாண்டியும் ஒரே மாதிரி தளர்கிறது என்றால் கவனிக்க வேண்டிய இடம் அது.

எங்க தொட்டியில நத்தை இருக்கு. நானே சோதிச்சுப் பார்க்கலாமா?

பழக்கப்படுதலை மட்டும் பார்க்கலாம், மின்னதிர்ச்சி எல்லாம் வேண்டாம். நத்தை நிம்மதியாக ஊரும்போது ஈரத் தூரிகையின் நுனியால் உணர்கொம்பை மெல்லத் தொடுங்கள். இழுத்துக்கொள்ளும். மறுபடி நீட்டும்வரை காத்திருந்து, அதே அழுத்தத்தில் மறுபடி. எத்தனையாவது தொடுதலில் இழுப்பதை விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் திரும்பச் செய்தால், எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இழுக்காமல் விட்டது பழக்கத்தினாலா, களைப்பினாலா என்ற சந்தேகம் வர வேண்டும். அதற்கு, தொட்டியை ஒரு முறை லேசாகத் தட்டிவிட்டு மறுபடி கொம்பைத் தொடுங்கள். களைத்த தசையாக இருந்தால் அப்போதும் அசையாது. பழகியதால் விட்டிருந்தால் பழையபடி சட்டென்று இழுத்துக்கொள்ளும். இளசையும் கிழசையும் ஒப்பிட ஆசைப்பட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு நத்தை போதாது, வெப்பமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தொட்டபின் வெகுநேரம் ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.